விழிப்புலனற்றோர் உதைபந்தாட்டத்தில் கோல் காப்பது: கேள்வி பதில்

ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்து அணிக்குக் கோல் காத்தவன் நான். சில ஆண்டுகளாக ஹட்டன் பக்கம் விழிப்புலனற்ற இளைஞர்களோடு அதே வேலையைச் செய்துவருகிறேன். கேட்டவர்கள் பலர், ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, மற்றவர்களுக்குக் கண் தெரியாது. கோல்காப்பாளருக்கு மட்டும் தெரியலாமா? அது அநியாயம் இல்லையா? (பாடசாலை மாணவர், தலவாக்கலை)

தெரியலாம் தம்பி. களத்தில் ஓடும் நால்வரும் கண்ணில் ஒட்டுப் போட்டு, அதன்மேல் கட்டும் கட்டியிருப்பார்கள். ஐந்தாமவரான கோல்காப்பாளருக்கு முழுப் பார்வையோ குறைந்த பார்வையோ இருக்கலாம். அதற்குப் பதிலாக அவரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். கோலுக்கு முன்னால் 2 மீற்றர் ஆழத்துக்கு ஒரு கட்டம். அதைத் தாண்டி ஆட்டத்தில் தலையிட்டால் எதிரணிக்குப் பெனால்டி. அந்தப் பெனால்டியும் 6 மீற்றரிலிருந்துதான் அடிக்கப்படுகிறது. அநியாயம் யாருக்கு என்று அங்கே நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு 31 வயது. எங்கள் டிவிஷன் அணி கலைந்துவிட்டது. பதினைந்து வயது முதல் கோல் காத்தவனுக்கு இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது? (ஹட்டன்)

கைக்குக் குறைவு, வாய்க்கு நிறைய.

களம் 40க்கு 20 மீற்றர். அதை நீளவாக்கில் மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பந்து உங்கள் பகுதியில் இருக்கும்போது உங்கள் ஆட்களுக்கு வழிசொல்ல வேண்டியவர் நீங்கள். நடுப்பகுதிக்குப் பயிற்றுநர், எதிரணிக் கோலுக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டி மூன்றாம் பகுதிக்கு. பந்து உங்கள் பகுதியைவிட்டுப் போனதும் வாயை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் மத்தியஸ்தர் ஊதிவிடுவார். நம் ஊர்க் கோல்காப்பாளர்களுக்கு இதுதான் பெரும்பாடு. தொண்ணூறு நிமிடமும் கத்திப் பழகியவர்கள் அல்லவா!

சொல்லும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. முதலில் பெயர், அடுத்துத் திசை, பிறகு தூரம்: "ராஜன், வலது, இரண்டு!" பெயரைக் கடைசியில் சொன்னால் நான்கு பேரும் திரும்புவார்கள். வலது என்றால் யாருடைய வலது? விளையாடுபவருடையது. அவர் எதிரணியைப் பார்த்து நிற்கும்வரை உங்கள் வலதும் அவர் வலதும் ஒன்றே. பந்தை எடுக்க உங்கள் பக்கம் திரும்பிய நொடியில் மாறிவிடும். அவர் தோள் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வாயைத் திறக்கவே கூடாது. பந்துக்குள் கிலுக்கு இருப்பதால் உருளும்போது சத்தம் கேட்கும், நின்றுவிட்டால் கேட்காது. நின்ற பந்தை அறிவிப்பதும் உங்கள் கடமைதான்.

இனிக் கைவேலை. கோலின் அகலம் 3.66 மீற்றர், அதாவது நீங்கள் காத்த கோலில் சரிபாதி. உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். முன்னே ஓடி வந்து கோணத்தைக் குறுக்குவது நமக்குத் தெரிந்த முதல் வித்தை. இந்தக் கட்டத்துக்குள் அதற்கு இடமே இல்லை. மேலும், அடிப்பவர் கோலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இரண்டு பாதங்களுக்கும் இடையில் பந்தைத் தட்டித் தட்டிக் கொண்டுவந்து, காலை அதிகம் பின்னால் எடுக்காமல் விரல் நுனியால் குத்திவிடுவார். அடிப்பவரின் கண்ணைப் பார்த்துப் பாய்ந்து பழகியவருக்கு இங்கே கிடைப்பது ஊன்றும் காலும் இடுப்பும் மட்டுமே.

இன்னொன்று. நீங்கள் எழுப்பும் குரல் எதிரணி முன்கள வீரருக்கும் கேட்கும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். அவர் அடிக்கத் தயாராகும்போது வாயை மூடிக்கொண்டு ஓரடி நகர்ந்துவிடுங்கள். பெனால்டியின்போது எதிரணி வழிகாட்டி கம்பங்களைத் தட்டி அடிப்பவருக்குக் கோலின் எல்லையைக் காட்டுவார். அப்போது நீங்கள் மூச்சுச் சத்தத்தைக்கூட அடக்குவது நல்லது.

"வோய், வோய்" என்று ஏன் கத்துகிறார்கள்? (பலர் கேட்டது)

பந்தை நோக்கிப் போகிறவர் "நான் வருகிறேன்" என்று எச்சரிப்பது. ஸ்பானிய மொழிச் சொல். சொல்லாமல் போய் மோதினால் தப்பாட்டம்.

என் மகனுக்கு ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வை இருக்கிறது. கோலில் நிற்க ஆசைப்படுகிறான். விடலாமா ஐயா? (ஒரு தாய், மஸ்கெலியா)

விதி தடுக்காது அம்மா. ஆனால் பந்தை அறிந்துகொள்ளுங்கள். சாதாரணப் பந்தைவிடச் சிறியது. எடையோ 510 முதல் 540 கிராம், அதாவது சாதாரணப் பந்தைவிடக் கூடுதல். ஆறு மீற்றரிலிருந்து அது முகத்தில் பட்டால் விளையாட்டில்லை. விழித்திரை பலவீனமான பிள்ளைக்கு மிச்சமுள்ள பார்வையும் போகக்கூடும். கண் வைத்தியரிடம் "பந்து முகத்தில் படலாம்" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மகன் எவ்வளவு அழுதாலும். குறைந்த பார்வை உள்ளவர்களுக்கென்றே தனிப்பிரிவு உண்டு. அதில் மகன் களத்தில் ஓடி ஆடலாம்.

பாடசாலை வலைப்பந்து அணியில் கோல் காக்கிறேன். பெண்களுக்கும் இது உண்டா? (பண்டாரவளை)

உண்டு. பெண்களுக்கான முதல் உலகக் கிண்ணப் போட்டி 2023இல் பெர்மிங்ஹாமில் நடந்தது; ஆர்ஜென்டீனா வென்றது. வலைப்பந்தில் கைநீட்டித் தடுத்த பழக்கம் உதவும். ஆனால் இங்கே பந்து பெரும்பாலும் தரையோடு வரும். முழங்காலை மடக்கிப் பழகுங்கள் தங்கச்சி.

நம் மலையில் சமதரை எங்கே, பலகைச் சுவர் எங்கே? மழை வேறு. (கொட்டகலை, மற்றும் சிலர்)

ஓரத்தில் 1 மீற்றருக்கு மேல் உயரமான தடுப்புப் பலகை இருக்க வேண்டும் என்பது விதி. பந்து வெளியே போகாது, ஆட்டக்காரருக்கும் எல்லை தெரியும். பயிற்சிக்கு அது இல்லாமலும் முடியும். பழைய பிரட்டுக்களம் (தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் திடல்) ஒன்று போதும். ஓரத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைதட்டச் சொல்லுங்கள். கிலுக்குப் பந்து கிடைக்காதவர்கள் சாதாரணப் பந்தைப் பொலித்தீன் பைக்குள் கட்டி உருட்டலாம், சரசரக்கும். பனிமூட்டம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. சிரமம் கண் தெரிந்த கோல்காப்பாளருக்குத்தான். அதில் அவர்கள் அடையும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! மழைதான் கெடுக்கும். பக்கத்து லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) தகரக் கூரையில் மழை கொட்டினால் கிலுக்கும் கேட்காது, உங்கள் குரலும் கேட்காது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள்.

இதைத் தொழிலாக நம்பலாமா? (இருவர் கேட்டது)

சம்பளத்துக்காக என்றால் வேண்டாம். கையில் இருக்கும் வேலையை விடாதீர்கள். ஆனால் பராலிம்பிக்கில் கோல்காப்பாளரும் மற்ற நால்வரைப் போல முழு வீரர்தான். பதக்கம் அவர் கழுத்திலும் விழும். இந்த விளையாட்டு 2004 ஏதென்ஸிலிருந்து அங்கே இருக்கிறது. 2020 வரை ஐந்து முறையும் பிரேசிலே தங்கம் வென்றது. 2024 பாரிஸில் பிரான்ஸ், ஆர்ஜென்டீனாவைப் பெனால்டியில் வென்று அதைப் பறித்தது. பிரேசிலின் ஃபாபியோ வாஸ்கொன்செலோஸ் 2008, 2012 இரண்டிலும் கோல்காப்பாளராகத் தங்கம் வென்றவர். 2016இல் அதே அணியின் பயிற்றுநராக மறுபடி வென்றார். ஆட்டத்தைப் பின்னாலிருந்து முழுதாகப் பார்த்து, நாள்முழுதும் வழிசொல்லிப் பழகியவர் பயிற்றுநராவது இந்த விளையாட்டில் இயல்பாக நடப்பதுதான்.

பெரிய கழகங்களில் பதிவுசெய்து ஆடியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடைசி ஐந்து ஆண்டுகளில் வழமையான உதைபந்தாட்டத்தில் பதிவாகியிருந்தவர் இதில் சர்வதேசக் கோல்காப்பாளராக முடியாது என்ற விதி நீண்ட காலம் இருந்தது. தேசிய மட்டத்தை நினைப்பவர்கள் தேர்வுக்குப் போகுமுன் நடப்பு விதிப்புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் சிநேகிதப் போட்டி ஆடியவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.