பழைய ஹெட்லைட்டில் எல்இடி பல்பு போடலாமா?

கேள்வி: என்னுடையது 2011 மாடல் ஹேட்ச்பேக். வேலை விஷயமாக காட்பாடியிலிருந்து வாணியம்பாடிக்கு அடிக்கடி இரவில் போய்வருகிறேன். எதிரே வரும் புது கார்களின் வெளிச்சத்தில் என் ஹெட்லைட் எரிவதே தெரியவில்லை. ஆக்சசரிஸ் கடையில் எல்இடி பல்பு செட் மாட்டச் சொல்கிறார்கள். சீக்கிரமே ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். பிரச்சினை வருமா? புது காரில் இருந்தால் மட்டும் சரியா?

பதில்: மாட்டாதீர்கள். ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் முதலில் படுவது அதுதான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)-ன்படி, மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

புது காருக்கு எப்படி அனுமதி என்கிறீர்கள். அதில் எல்இடி, ரிஃப்ளெக்டர், லென்ஸ் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வடிவமைக்கப்பட்டு, முழு விளக்காகச் சோதனைக்குப் போய் ஒப்புதல் பெற்றவை. வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எங்கே விழுகிறது என்பதில்தான் விதிகள் கறாராக இருக்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதி 106-ஐப் பாருங்கள். விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால், டிம் போட்டபோது அந்தக் கண் கூசக் கூடாது. எதிரே பைக்கில் வருபவரின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். மேட்ரிக்ஸ் ஹெட்லைட் வைத்த விலையுயர்ந்த கார்களில், முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா எதிர்வண்டியைப் பார்த்து, அது இருக்கும் பகுதிக்கான எல்இடிகளை மட்டும் அணைத்துவிடும்.

உங்கள் காரில் அநேகமாக ஹெச்4 ஹாலஜன் பல்பு இருக்கும். 60/55 வாட், அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. கழற்றிப் பாருங்கள்: டிம் ஃபிலமென்ட்டுக்கு அடியில் கிண்ணம் போல ஒரு சின்னத் தகடு. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் தடுப்பது அதுதான். அதனால்தான் டிம் வெளிச்சம் மேலே ஏறாமல் ஒரு கோடு கிழித்த மாதிரி நிற்கிறது. கடை எல்இடியில் சிப்புகள் ஒரு பட்டையின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும். மெல்லிய ஃபிலமென்ட் இருந்த அதே புள்ளியில், அதே அளவில் அவை உட்காருவதில்லை. வெளிச்சம் சிதறும். உங்கள் பம்பருக்கு முன்னால் பளிச்சென்று இருக்கும், தூரத்தில் பள்ளம் தெரியாது, எதிரே வருபவர் திட்டிக்கொண்டு போவார்.

“டப்பாவில் ஈ-மார்க் இருக்கிறதே” என்பார் கடைக்காரர். பெரும்பாலும் அது ஐ.நா.வின் வாகன விதி 10-க்கான முத்திரை. ரேடியோ போன்றவற்றுக்கு மின்காந்த இடைஞ்சல் தராது என்பதற்குத்தான். ஒளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 100/90 வாட் ஹாலஜனும் வேண்டாம், ஹோல்டர் உருகிவிடும்.

சரி, என்னதான் செய்வது? முதலில் லென்ஸ். வேலூர் வெயிலில் இத்தனை வருடம் நின்ற பிளாஸ்டிக் மஞ்சளடித்துப் புகை மூட்டமாகியிருக்கும். பாலிஷ் போட்டாலே பாதிக் குறை தீரும். அடுத்து வயரிங். பழைய கார்களில் எர்த் துருப்பிடித்து பல்புக்கு முழு வோல்டேஜ் போகாது. வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எர்த்தைச் சுத்தம் செய்து, ரிலே (பேட்டரியிலிருந்து நேராக பல்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) வைத்த நல்ல வயரிங் போட்டு, அதே வாட்டில் நல்ல கம்பெனி பல்பு மாட்டுங்கள். அதற்கும் எல்இடி செட்டுக்குக் கேட்கும் காசுதான் ஆகும்.

கடைசியாக அலைன்மென்ட். சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். சுவரில் விழும் கோடு ஹெட்லைட்டின் மைய உயரத்தைவிட சுமார் 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும், இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறலாம். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காக அப்படி. யாராவது வெளிநாட்டு ஹெட்லைட் மலிவாகத் தந்தால் லென்ஸைப் பாருங்கள். ஐ.நா. முத்திரை உள்ள விளக்கில், எதிரே நின்று பார்க்கும்போது வலப்பக்கம் நோக்கிய அம்பு இருந்தால் நம் ஊருக்கானது. அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது, அது எதிரே வருபவர் முகத்தில்தான் அடிக்கும்.

ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று திருப்புகிற ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதா பாருங்கள். எண் கூடக் கூட ஹெட்லைட் வெளிச்சம் கீழே இறங்கும். பின்சீட்டில் ஆளும் டிக்கியில் சாமானும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும். அன்றைக்கு அதை 2-க்கோ 3-க்கோ திருப்பிக்கொள்ளுங்கள்.