இலவசமாக வரும் இயந்திரத்தை எப்படி எடைபோடுவது?

கேள்வி: டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையில் வார்டு பொறுப்பாளராக இருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கான உறிஞ்சு இயந்திரத்தை ஒரு விற்பனையாளர் மூன்று மாதத்துக்கு இலவசமாகத் தருகிறார். மதிப்பீட்டை மேலிடம் என் தலையில் கட்டிவிட்டது. பழைய பதிவெல்லாம் காகிதத்தில். எங்கே தொடங்குவது?

பதில்: சகோதரி, இயந்திரம் வார்டுக்குள் வரும் முன்பே தொடங்குங்கள். பல இடங்களில் டாக்டர்களுக்குப் பிடித்துப்போய், ஆர்டரும் பாதி எழுதியான பிறகுதான் "இது நல்லதா?" என்று கேட்கிறார்கள். அப்போது ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒன்றும் இருக்காது.

எல்லாக் கோப்புகளையும் தோண்ட வேண்டாம். கடைசியாக வந்த இருபது பேருடையது போதும். எத்தனை நாள் படுத்திருந்தார்கள், வாரத்துக்கு எத்தனை முறை கட்டு மாற்றினீர்கள், விரலையோ காலையோ எடுக்க நேர்ந்ததா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இயந்திரம் வந்த பிறகும் இதையே எழுதுங்கள். புண் ஆறுமா என்பதற்கு வெளிவந்த ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வார்டுக்கு இது ஒத்துவருமா என்பதை இந்த நோட்டு காட்டும்.

அப்புறம் காசு. இயந்திரம்தான் இலவசம், புண்ணின் மேல் வைக்கும் நுரைப்பஞ்சும் உறிஞ்சிய கசிவு சேரும் கழிவு டப்பாவும் அல்ல. வழக்கமாக 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பஞ்சை மாற்ற வேண்டும். பெரும்பாலும் அதே கம்பெனியில்தான் வாங்க வேண்டியிருக்கும். ஒரு மருத்துவமனையின் சாமான் அறையில் துணி போர்த்திய இரண்டு இயந்திரங்களைப் பார்த்திருக்கிறேன். பழுது ஒன்றுமில்லை, பஞ்சு வாங்கப் பணமில்லை. மனசு கஷ்டமாக இருந்தது. பஞ்சுச் செலவு வார்டு கணக்கில் விழும். நோயாளி சீக்கிரம் வீடு திரும்பினால் வரும் மிச்சமோ அந்தக் கணக்கில் தெரியாது. அதனால் நிதிப் பிரிவிலிருந்து ஒருவரை முதல் நாளே கூட உட்காரவையுங்கள்.

மின்வெட்டையும் மறக்காதீர்கள். உறிஞ்சல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அந்தக் கட்டைப் பிரித்துவிட்டுச் சாதாரணக் கட்டு போட வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று நீங்களே கடிகாரம் பார்த்து எழுதுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை ஆணையமான சாப்ராவின் (SAHPRA) உரிமத்தைக் காட்டுவார்கள். அது அவசியம்தான். ஆனால் அது கருவியை விற்கும் நிறுவனத்துக்கான உரிமம். இயந்திரம் பலன் தரும் என்பதற்கான சான்று அல்ல.

அறிக்கைக்கு டென்மார்க்கில் 2005-இல் வந்த சிறு மதிப்பீட்டுப் படிவம் நல்ல மாதிரி. கருவி, நோயாளி, வேலை முறை, பணம் பற்றி 26 கேள்விகள். நேரமில்லாத வார்டுக்கும் கட்டுப்படியாகும்.

ஒன்று மட்டும் கட்டாயம். மூன்று மாதம் முடியும் நாளில் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று விற்பனையாளரிடம் எழுதி வாங்குங்கள். அது வார்டிலேயே தங்கிவிட்டால், உங்கள் அறிக்கையைப் படிக்கும் முன்பே பஞ்சுக்கு ஆர்டர் போய்விடும்.