கோல்ஃப் கேள்வி பதில்: பந்துக்கு அளவுகோல் குதிகால்

கேள்வி: பயிற்சி ரேஞ்சில் 7 அயர்ன் (நடுத்தூர அடிக்கான கிளப்) நன்றாகவே போகிறது. திடலில் இறங்கினால் பந்தைத் தொடும் முன் கிளப் (கோல்ஃப் மட்டை) மண்ணில் இடிக்கிறது. நெடுந்தூர அடிக்கான டிரைவரில் அடித்தால் பந்து வலப்பக்கம் வளைகிறது. நான் வலக்கை ஆட்டக்காரர். வீச்சை மாற்ற வேண்டுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: வீச்சில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். இரண்டு கோளாறும் பந்து இடக்கால் பக்கம் அதிகம் தள்ளியிருப்பதால் வரக்கூடியவை. முதலில் அதைப் பாருங்கள்.

வீச்சின் தாழ்ந்த புள்ளியைத் தாண்டிப் பந்து இருந்தால் கிளப் தரையைத்தான் முதலில் தொடும். ரேஞ்சில் இது தெரியாது. இரண்டு செ.மீ. பின்னால் பட்டாலும் கிளப் அங்குள்ள செயற்கைப்புல் பாயின் மேல் வழுக்கிப்போய்ப் பந்தைக் கிளப்பிவிடும். மழையில் ஊறிய நம்மூர்ப் புல்தரையில் அதே அடி மண்ணில் புதைந்துவிடும். டிரைவரில், தள்ளியிருக்கும் பந்தை எட்டுவதற்காகத் தோள்கள் இடப்புறம் திறந்துகொள்ளும். கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்ட, பந்து வலப்பக்கம் வளையும்.

ஏன் தள்ளிப்போகிறது? பெரும்பாலும் கால்விரலை வைத்து அளப்பதால்தான். இடப்பாதத்தை இலக்குப் பக்கம் சற்றுத் திருப்பி நிற்பது சரிதான். ஆனால் விரல் நகர்ந்ததும், அசையாத பந்து பின்னால் போனதுபோலத் தெரியும். உடனே இன்னும் முன்னால் வைப்போம். குதிகால் அவ்வளவாக நகராது. அதை வைத்தே அளவெடுங்கள்.

வீவக வீட்டின் தரை ஓடுகளே இதற்குப் போதும். ஓடுகளுக்கு இடையே ஓடும் ஒரு கோட்டை இலக்குக் கோடாக வைத்து, குறுக்குக் கோடு அதைச் சந்திக்கும் இடத்தில் பந்தை வையுங்கள். குதிகால்களைச் சேர்த்து, குறுக்குக் கோடு அவற்றின் நடுவே வரும்படி நில்லுங்கள். குறுந்தூர அடிக்கான வெட்ஜுக்கு இரு கால்களையும் ஒரே அளவு விரியுங்கள். 7 அயர்னுக்குத் தோள் அகலம். வலக்காலை மட்டும் 8 செ.மீ. கூடுதலாக நகர்த்துங்கள். பந்து நடுவிலிருந்து 4 செ.மீ., அதாவது ஏறக்குறைய ஒரு பந்தளவு, இடப்பக்கம் வந்திருக்கும். டிரைவருக்கு, மறுபடி குதிகால்களைச் சேர்த்து நின்று, இடக்குதிகாலை அசைக்காமல் வலக்காலைத் தோளைவிடச் சற்று அகலமாக வைத்தால், பந்து இடக்குதிகாலின் உட்பக்கத்துக்கு நேரே நிற்கும். பந்தைத் தாங்கும் சிறு ஆணியான டீயில் பாதிப் பந்து கிளப் தலைக்கு மேலே தெரிய வேண்டும்.

ரேஞ்சில் சோதிக்க, அயர்ன் பந்துக்கு 10 செ.மீ. பின்னால் ஒரு சிறு துண்டை மடித்து வையுங்கள். கிளப் துண்டில் பட்டால் பந்தை இன்னும் சற்று நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நிலைக்கு அடையாளமாகத் தரையில் குச்சி வைத்துப் பழகுவது ரேஞ்சோடு நிற்கட்டும்: ஆட்டத்தில் நிலையெடுக்க உதவியாகக் குச்சியோ கிளப்போ தரையில் வைத்தால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளேயில் கணக்கில் 2 அடி கூடும் தண்டனை. நின்றபிறகு விலகி அதை எடுத்துவிட்டாலும் தண்டனை தண்டனைதான்.

கேள்வி: பந்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது?
– வாசகி, பொங்கோல்

பதில்: இடுப்பிலிருந்து குனிந்து கைகளைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள், தொங்கும் இடத்திலேயே கிளப்பைப் பிடியுங்கள். அயர்னில் கிளப்பின் மேல்முனைக்கும் தொடைக்கும் இடையே ஒரு கையகலம், டிரைவரில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். எடை விரல்நுனிக்குப் போனால் தள்ளி நிற்கிறீர்கள். குதிகாலுக்குப் போனால் நெருங்கி நிற்கிறீர்கள்.