வாய் திறக்காத பிள்ளைக்கும் தலைமை வரும்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளைக் கல்லூரி அறிவியல் மன்றத்துக்குச் செயலாளராகப் போட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள், இவள் எப்படி எல்லோரையும் கட்டி மேய்ப்பாள்? பேச்சுப் பயிற்சியில் சேர்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம், தப்பில்லை. அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். மன்றத்தில் இருக்கும் பதினெட்டு பேரின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாருக்கு எந்த வேலை பிடிக்கும், யாருக்கு எந்த நாள் ஒழியாது என்ற குறிப்பு. ஒரு பையனின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில், "இரண்டு கூட்டத்திலும் பேசவே இல்லை. தனியாகக் கேட்கணும்." இதையெல்லாம் யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லல சார், எழுதலைன்னா எனக்கு நிம்மதியா இருக்காது" என்றாள்.

பலத்தைக் கண்டுபிடிக்க நான் நம்பும் அடையாளம் இதுதான். யாரும் சொல்லாமல் செய்ய வேண்டும், செய்து முடித்த பிறகும் மனம் தெம்பாக இருக்க வேண்டும். நன்றாக மதிப்பெண் வாங்கியும் முடிந்ததும் ஆளைச் சோர வைக்கிற பாடங்கள் உண்டு; அவற்றைப் பலம் என்று நம்பித் துறையைத் தேர்ந்தெடுத்துத் தவிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

உளவியல் அறிஞர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் 2004இல் மனிதரின் குணபலங்களை 24 ஆக வகுத்தார்கள். தலைமைப் பண்பு அதில் ஒன்று. குழுவை வேலை செய்ய வைப்பதும், அதே நேரத்தில் உள்ளே உறவு கெடாமல் பார்த்துக்கொள்வதும்தான் அதற்கு அவர்கள் தரும் விளக்கம். மேடைப் பேச்சு அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2011இல் ஆடம் கிராண்ட் முதலிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். குழுவினர் தாங்களே யோசனை சொல்லி முன்வருகிறவர்களாக இருந்தால் அமைதியான தலைவரிடம் வேலை நன்றாக நடக்கிறது. சொன்னதை மட்டும் செய்கிறவர்களாக இருந்தால் கலகலப்பான தலைவர் எடுபடுகிறார். ஆக, கூட இருப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அவளிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லோரையும் கேட்டுத்தான் முடிவெடுப்பேன் என்று காத்திருந்து, போன நிகழ்ச்சிக்கு அரங்கம் கிடைக்காமல் போயிருக்கிறது. பலம் அளவு மீறினால் இப்படித்தான் காலை வாரும். கருத்துச் சொல்ல ஒரு கெடு வை, அது தாண்டினால் உன் முடிவே முடிவு என்றேன். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவதைத் துணைச் செயலாளர் பார்த்துக்கொள்ளட்டும், துணைச் செயலாளருக்கு அது கைவந்த கலையாம். ஆனால் கூட்டத்தைத் தொடங்கி வைக்கும் நாலு வாக்கியமும், யாருக்காவது 'முடியாது' என்று சொல்வதும் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அந்த அளவுக்கு மட்டும் பயிற்சி போதும்.

அப்புறம், உங்கள் பங்கு. பாட்டிக்கு மாத்திரை தீரும் முன்பே அவள்தான் வாங்கி வைத்துவிடுகிறாள் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டில் நான் பார்த்ததும் இதே பலம்தான். "நீ ரொம்ப சமர்த்து" என்று பொதுவாகச் சொல்லாமல், "மாத்திரை தீரப்போவதை நீ கவனித்தாயே" என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். உறவினர் முன்னால் "வாயைத் திறந்து பேசேன்" என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சுருக்கென்று தைக்கிறது என்பதை அவள் என்னிடம் சொன்னாள்.

அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். "தனியாகக் கேட்கணும்" என்று பென்சிலில் குறித்திருந்தாளே, அந்தப் பையனிடம் பேசினாளா என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.