கறுப்புக் கோட்டும் கணினியும்: வாசகர் கேள்வி பதில்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வன்னியிலிருந்து வந்த கடிதங்களில், சட்டத்தையும் தகவல் தொழினுட்பத்தையும் சேர்த்துப் படிப்பது பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். பதில்களை ஒரு சட்டத்தரணியும் ஒரு கணினி விரிவுரையாளரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

உயர்தரத்தில் ஐ.சி.ரி.யும் ஒரு பாடமாக எடுத்தேன். சட்டம் படிக்க விருப்பம், கணினியை விடவும் மனமில்லை. இரண்டும் சேர்ந்த பட்டம் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருக்கிறதா?
(மல்லாவி மாணவி)

இல்லை, தங்கச்சி. பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழினுட்பப் பீடமும் இருக்கின்றன. சட்டத்துக்கு யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு என்று வெளியேதான் போகவேண்டும். இரண்டு கயிற்றையும் முடிச்சுப் போடுகிற வேலை உங்களுடையது. எதைப் பகல் படிப்பாக வைப்பது, எதை இரவுப் படிப்பாக வைப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

சட்டத்தைப் பகலில் வையுங்கள் என்பதுதான் எங்கள் இருவரதும் முடிவு. சட்டத் தொழிலுக்கு ஒரு வாசல் உண்டு, வாசலில் காவலும் உண்டு. பத்து வருடம் சட்டப் புத்தகம் படித்தவரானாலும், உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகப் பதியாமல் இன்னொருவருக்காக நீதவான் முன்னால் எழுந்து நிற்க முடியாது. கணினிப் பக்கம் அப்படியில்லை. செய்து காட்டத் தெரிந்தவருக்குப் பட்டம் பிந்தி வந்தாலும் வேலை கிடைக்கும்.

இரவுப் படிப்புக்குப் பொருத்தமானது கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் பி.ஐ.ரி. (தகவல் தொழினுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டம். மூன்று வருடப் படிப்பு, ஆங்கில மொழிமூலம். முதல் வருடத்தோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாவது வருடத்தோடு நிறுத்தினால் உயர் டிப்ளோமா என்று இடையில் இறங்கவும் வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு படிப்பையும் ஒன்றாக இழுக்கிறவருக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் சட்டத்தின் முதலாம் வருடத்திலேயே இதைத் தொடங்காதீர்கள். ஒப்பந்தச் சட்டமும் உரோமன் டச்சுச் சட்டமும் பழைய தீர்ப்புகளின் நெடும் ஆங்கில வாக்கியங்களும் முதல் வருடத்தை விழுங்கிவிடும். இரண்டாம் வருடம் தொடங்குங்கள். பதிவதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதி, இன்னொரு இடத்தில் வெளிவாரியாகப் பதியலாமா என்று கேட்டு, எழுத்தில் வந்த பதிலைக் கோப்பில் வையுங்கள். இரண்டு பரீட்சை அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கிழமையில் முட்டினால் பி.ஐ.ரி. பாடத்தைத் தள்ளிப் போடுங்கள், சட்டப் பாடத்தைத் தள்ளாதீர்கள்.

பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில். சட்டப் பாடத்தைப் பரீட்சைக்கு மூன்று கிழமை முன்னால் மூச்சுப் பிடித்துப் படித்துத் தப்பிவிடலாம். நிரலாக்கம் அப்படி வராது. ஒரு மாதம் கைவிட்டால் விரல் மறந்துவிடும். விரிவுரை எத்தனை இருந்தாலும் நாளுக்கு ஒரு மணித்தியாலம் நிரல் எழுதுங்கள்.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தர இசட் புள்ளி பற்றி ஒரு சொல். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டப் பங்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பதினாறில் அடங்கும். ஆகவே கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் விடாதீர்கள். விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்பும்போதும் கவனம் தேவை. "ஐ.ரி. எப்படியும் கிடைக்கும்" என்று அதை மேலே போட்டு, சட்டத்தைக் கீழே போட்டால், மேலே உள்ளதற்குத் தகுதி வந்தவுடன் கீழே உள்ளது பார்க்கப்படாது. மெய்யாக விரும்புவது எதுவோ அது முதலாவதாக இருக்கட்டும்.

மகளுக்கு யாழ்ப்பாணத்தில் சட்டம் கிடைத்திருக்கிறது. நாலு வருடம் முடிந்தால் சட்டத்தரணிதானே?
(கிளிநொச்சி, ஒரு தாய்)

இல்லை அம்மா, பட்டம் முடிந்த பிறகும் சில வருடங்கள் இருக்கின்றன. எல்.எல்.பி. என்ற சட்டப் பட்டம் பெற்றவர்கள் கொழும்பு புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை எழுதத் தேவையில்லை. ஆனால் கல்லூரியின் பரீட்சைகளில் சித்தியடைந்து, செயன்முறைப் பயிற்சி பெற்று, அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராக இருந்த பிறகுதான் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். கொழும்பில் தங்கும் செலவை இப்போதே கணக்கில் எடுங்கள்.

சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதிகளை நாடாளுமன்றம் 2023 மார்ச்சில் தோற்கடித்தது. அதைக் கேட்டுப் பிள்ளை ஆங்கிலத்தை விட்டுவிடக் கூடாது. மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளும் பழைய சட்ட அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

அண்ணா மெல்பேணில், மாமா சென்னையில். இருவரும் அங்கே சட்டமும் கணினியும் ஒரே பட்டமாக இருக்கிறது, வா என்கிறார்கள். முடித்துவிட்டு வந்து மன்னாரில் வழக்குப் பேசலாமா?
(மடு வாசகர்)

படிப்பு இருப்பது உண்மை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.சி.ஏ. எல்.எல்.பி. என்ற, கணினியும் சட்டமும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பு நடக்கிறது. அவுஸ்திரேலியாவில் பல பல்கலைக்கழகங்கள் சட்டத்தையும் தகவல் தொழினுட்பத்தையும் இரட்டைப் பட்டமாகத் தருகின்றன. தனித்தனியே படித்தால் ஏழு வருடம் போவதை ஐந்து, ஐந்தரை வருடத்தில் முடிக்கலாம். ஒரு பட்டத்தின் விருப்பப் பாட இடங்களை மற்றப் பட்டத்தின் பாடங்கள் நிரப்புவதால் வரும் மிச்சம் அது. இதற்குள்ளேயே ஒரு பொறியும் இருக்கிறது. விருப்பப் பாடம் என்ற காற்று வாங்கும் இடமே இல்லாததால், முன்தேவைப் பாடம் ஒன்றில் தவறினால் பின்னால் உள்ளவை வரிசையாகத் தள்ளிப் போகும்.

வழக்குப் பேசுவது வேறு விடயம். அவுஸ்திரேலியாவில் பதினொரு கட்டாயச் சட்டப் பாடங்களும் செயன்முறைச் சட்டப் பயிற்சியும் முடித்தால் அங்கே அனுமதி கேட்கலாம். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 24, பதிவை இந்தியக் குடிமக்களுக்குத்தான் முதன்மையாக வைத்திருக்கிறது. பிற நாட்டவருக்கு, அவர் நாட்டில் இந்தியருக்கு அதே உரிமை இருந்தால் மட்டுமே வழி. இலங்கையில் வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை வைத்துக்கொண்டு நேரே நீதிமன்றம் ஏற முடியாது. விமானச் சீட்டு எடுப்பதற்கு முன், இலங்கைச் சட்டக் கல்லூரியை நடத்தும் சட்டக் கல்விக் கழகத்துக்கு எழுதி, குறித்த பட்டத்தின் பெயரைச் சொல்லி, பதில் வாங்குங்கள். முகவர் நிலையத்தார் வாயால் சொல்வது கணக்கில் வராது.

இதைப் படித்துவிட்டு முல்லைத்தீவில் என்ன செய்வது? இங்கே மென்பொருள் கொம்பனி ஒன்றும் இல்லையே.
(புதுக்குடியிருப்பு, தொலைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவர்)

கொம்பனி இல்லாவிட்டாலும் வழக்கு இருக்கிறது, தம்பி. கடன் கொடுத்தவர் அனுப்பிய மிரட்டல் குறுஞ்செய்தி, போலி முகநூல் கணக்கு, கடை வாசல் கமராப் பதிவு, காணித் தகராற்றில் வட்ஸ்அப் உரையாடல் எல்லாம் நீதிமன்றத்துக்கு வருகின்றன. வருகிறவற்றில் பல, கொண்டுவந்த விதத்தால் பலமிழந்து போகின்றன. சட்டமும் கணினியும் மெய்யாகச் சந்திக்கிற இடம் சான்று. உங்கள் கடையில் நாளாந்தம் நடப்பதை வைத்தே சொல்கிறோம்.

ஒருவர் மிரட்டல் செய்தியைத் தொலைபேசித் திரையிலேயே படமாக (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து, அச்சடித்துக் கொண்டு வருகிறார். எதிர்த்தரப்பு, "இதைப் படம் திருத்தும் செயலியில் செய்யலாம்" என்று சொன்னால் பதில் இல்லை. செய்தி வந்த தொலைபேசியே மூலம். அதை அழிக்காமல், மீளமைக்காமல் வைத்திருக்க வேண்டும். புதுத் தொலைபேசிக்கு மாறும் அவசரத்தில் பழையதை விற்றுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. புகைப்படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எடுத்த நேரம், இடம் போன்ற உள்விபரங்கள் கழன்றுவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

கமராப் பெட்டியில் இரண்டு தொல்லை. பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும், ஆகவே பிந்தினால் போச்சு. அதன் மணிக்கூடும் பெரும்பாலும் பிழையாக ஓடும். பிரதி எடுக்கும்போது பெட்டி காட்டும் நேரத்தையும் சரியான நேரத்தையும் பக்கத்துப் பக்கமாகக் குறித்து வையுங்கள். திரையைத் தொலைபேசியால் படம் பிடிக்காமல், பெட்டியிலிருந்தே அதன் மூல வடிவத்தில் இறக்குங்கள்.

இறக்கிய கோப்புக்கு உடனே ஹாஷ் பெறுமானம் எடுங்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து மென்பொருள் கணித்துத் தரும் கைரேகை போன்றது அது. எஸ்.எச்.ஏ. 256 என்ற கணிப்பு முறையில் எழுத்தும் இலக்கமுமாக 64 குறிகள் வரும். கோப்பில் ஒரேயொரு பிற் (கணினித் தரவின் ஆகச் சிறிய அலகு) மாறினாலும் பெறுமானம் முழுதும் வேறாகிவிடும். அந்த 64ஐயும் திகதியோடு எழுதி, சாட்சி ஒருவரின் கையொப்பமும் வாங்குங்கள். பிறகு கோப்பு யார் யார் கைக்குப் போனது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிவாருங்கள். இந்தத் தாள் இல்லாததால்தான் நல்ல சான்றும் குறுக்கு விசாரணையில் ஆட்டம் காண்கிறது.

இனிச் சட்டப் பக்கம். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (சிறப்பேற்பாடுகள்) சட்டத்தின்படி கணினிச் சான்றை முன்வைக்க, விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், தான் பொருந்தும் இடங்களில் அந்தப் பழைய சட்டம் பொருந்தாது என்கிறது. எது பொருந்தும் என்பதிலேயே வாதம் எழும். புத்திசாலி 45 நாளை எப்படியும் கடைப்பிடிப்பார்.

அதே 2006ஆம் ஆண்டுச் சட்டம் இறுதி விருப்பாவணத்தையும் அற்றோணித் தத்துவத்தையும் அசையாச் சொத்து விற்பனையையும் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. காணிக்கு இன்றும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம்தான்: நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள், தாளில் கையொப்பம். "காணியை வட்ஸ்அப்பில் பேசி முடிச்சிட்டம்" என்று யாராவது சொன்னால், காசு மட்டும்தான் முடிந்திருக்கும்.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், பொலிஸ் விசாரணைக்கு உதவ இலத்திரனியல் பொறியியல் அல்லது மென்பொருள் தகைமையுள்ள நிபுணர்களை நியமிக்க இடம் வைத்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுப் பாதுகாப்பு அலுவலர் என்றொரு பதவியையும் உண்டாக்கியிருக்கிறது. சட்டமும் தரவுத்தளமும் இரண்டும் தெரிந்தவருக்குத்தான் அது சரியாகப் பொருந்தும்.

வவுனியாவில் ஐ.சி.ரி. பட்டம் முடித்து வேலையும் செய்கிறேன். சட்டத்துக்குப் பிந்திவிட்டேனா?
(செட்டிகுளம்)

பிந்தவில்லை. திறந்த பல்கலைக்கழக எல்.எல்.பி.க்குத் தெரிவுப் பரீட்சை எழுதலாம், வேலையை விடாமல் படிக்கலாம். மற்ற வழி சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை. மொழிப் பத்திரம் ஒன்று, பொது அறிவும் நுண்ணறிவும் ஒன்று. கணினி படித்தவர்கள் நுண்ணறிவில் தப்பி மொழியில் விழுகிறார்கள். பயிற்சியை மொழியில் கூட்டுங்கள்.

என்ன மடிக்கணினி வாங்கவேணும்? "ஹக்கிங்" பழகலாமா?
(நெடுங்கேணி மாணவன்)

எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பகம்) உள்ளது, ஆகக் குறைந்தது 8 ஜி.பி. நினைவகம். மெய்நிகர் கணினி (கணினிக்குள்ளே மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) ஓட்டுவதாக இருந்தால் 16. பழையதானாலும் மின்கலம் நல்லதாக இருக்கட்டும்.

பழகலாம், ஆனால் உங்கள் கணினிக்குள்ளே நிறுவிய மெய்நிகர் கணினிகளில் மட்டும். பாடசாலை இணையத்தளத்தையோ பக்கத்து வீட்டு வைபையையோ "சும்மா சோதிச்சுப் பார்த்தன்" என்பது 2007ஆம் ஆண்டுக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றம். ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒன்றையும் எடுக்கவில்லை, அழிக்கவில்லை என்பது தப்பும் வழியல்ல. அனுமதியில்லை என்று தெரிந்துகொண்டு நுழைவதே அங்கே குற்றம். சட்டத்தரணியாகப் பதியப் போகிறவரின் நன்னடத்தையும் பார்க்கப்படும்.