கேள்வி பதில்: கிரேஸ் டார்லிங்கின் படகைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் நார்தம்பர்லாந்து. அங்கே பாம்பரோ என்று ஒரு சின்ன ஊர். ஊரின் தலைமேல் பெரிய கோட்டை, அதைத் தாண்டி நடந்தால் தேவாலயம், தேவாலயத்துக்கு எதிரே கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகம். பள்ளி விடுமுறை நெருங்குகிறது என்பதாலோ என்னவோ, இதைப் பற்றிக் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, பையன் பள்ளிக்கூடத்தில் கிரேஸ் டார்லிங் பாடம் படித்துவிட்டு வந்து கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யார் இவர்? (லண்டனில் இருந்து ஓர் அம்மா)

கலங்கரை விளக்கக் காவலரின் மகள். 1815 நவம்பரில் பாம்பரோவில் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. அப்பா வில்லியம் டார்லிங்குக்கு ஃபார்ன் தீவுகளில் வேலை. தீவுகள் என்றால் தென்னந்தோப்பும் மணலும் என்று நினைத்துவிடாதீர்கள், கடலில் தலை நீட்டும் கரும்பாறைகள் அவை. 1826ல் அந்தப் பாறைகளில் வெளியோரமாக உள்ள லாங்ஸ்டோனில் புதுக் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். குடும்பம் அங்கே குடிபோனது.

1838 செப்டம்பர் தொடக்கத்தில் ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் ஹல் துறைமுகத்தில் இருந்து டண்டீக்குப் புறப்பட்டது. வழியிலேயே பாய்லர் ஒழுகத் தொடங்கியது. ஸ்காட்லாந்து எல்லையில் பெர்விக் ஊருக்கு நேராக வரும்போது இயந்திரம் நின்றே போனது. கடும் வாடைக் காற்று, கூடவே மூடுபனி. 7ஆம் தேதி விடியற்காலை நாலு மணி வாக்கில் பிக் ஹார்கர் என்ற பாறையில் மோதி இரண்டாக உடைந்தது. 43 பேர் இறந்தார்கள். மோதியதுமே ஒன்பது பேர் கப்பலின் சிறு படகில் தப்பித்துப் போய், வேறொரு கப்பல் கண்ணில் பட்டுப் பிழைத்தார்கள்.

விளக்கத்தின் மாடி ஜன்னலில் இருந்து உடைந்த கப்பலை முதலில் பார்த்தது கிரேஸ். அப்போது மணி ஐந்துகூட ஆகவில்லை. வெளிச்சம் வந்து ஏழு மணி அளவில்தான் பாறையில் ஆட்கள் அசைவது தெரிந்தது. தம்பி கரையில் மீன்பிடியில் இருந்தான். வீட்டில் இருந்தது அப்பா, அம்மா, 22 வயது மகள். அம்மா கைகொடுத்துப் படகைத் தள்ளிவிட, அப்பாவும் மகளும் துடுப்புப் பிடித்தார்கள். பாறையில் உயிரோடு இருந்தது ஒன்பது பேர், அதில் ஒரே ஒரு பெண். சாரா டாசன் என்ற அந்தத் தாயின் கையில் இருந்த இரண்டு குழந்தைகளும் அதற்குள் இறந்திருந்தன.

பையனிடம் சொல்லும்போது அந்தக் கடைசி வரியை அவன் வயதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பெண் ஒருத்தி தன்னந்தனியாகப் படகோட்டி ஒன்பது பேரையும் காப்பாற்றினாள் என்று படித்தேன். நிஜமா?

இல்லை. இரண்டு நடை போனது படகு. முதல் நடையில் அப்பாவும் கிரேஸும் போய், சாரா டாசனையும் நான்கு ஆண்களையும் ஏற்றி வந்தார்கள். அப்புறம் கிரேஸ் வீட்டிலேயே தங்கி, அம்மாவோடு சேர்ந்து வந்தவர்களைக் கவனித்துக்கொண்டார். அப்பா, காப்பாற்றப்பட்டவர்களில் துடுப்புப் பிடிக்கத் தெரிந்த இருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மறுபடி போய் மீதி நால்வரை அழைத்து வந்தார்.

"தன்னந்தனியாக" என்பது பத்திரிகைகள் சேர்த்த மசாலா. அப்பா எழுதிய குறிப்பேட்டைப் படித்தால் சிரிப்பு வரும். கப்பலின் எடை, புறப்பட்ட நேரம், சரக்கில் என்னென்ன துணி, என்னென்ன இரும்பு, சோப்பு என்றெல்லாம் எழுதிவிட்டு, ஒன்பது பேரை "டார்லிங் குடும்பத்தார்" மீட்டதாக முடித்துவிடுகிறார். மகள் பெயரே கிடையாது. ஊரே அவளை தேவதையாக்கியது, அப்பன் கணக்குப் பிள்ளை போல எழுதிவைத்தார். உண்மை அப்பன் பக்கம்தான் அதிகம் என்பது என் கட்சி.

அதற்காக கிரேஸ் செய்தது குறைந்துபோகாது. பாறையை நெருங்கியதும் அப்பா குதித்து இறங்கிவிட்டார், அவர்களை ஒழுங்குபடுத்தி ஏற்ற வேண்டுமே. அந்த நேரம் முழுக்க படகில் கிரேஸ் மட்டும். படகு பாறையில் மோதினால் பலகை பிளந்துவிடும், விலகிப் போனால் ஆட்கள் ஏற முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவே, நாலு பேர் வலிக்க வேண்டிய படகை ஒற்றையாளாக முன்னும் பின்னும் வலித்து நிறுத்தி வைத்தார். புகழ வேண்டுமென்றால் இதைப் புகழலாம். ஓவியங்களில் காட்டும் பறக்கும் கூந்தலை அல்ல.

நான் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லாங்ஸ்டோனுக்கும் அந்தப் பாறைக்கும் நேர்த் தொலைவு குறைவு. ஏன் சுமார் ஒரு மைல் துடுப்பு வலித்தார்கள்?

உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை ஐயா, காற்று மறைவுக்காகத்தான். நேராகப் போனால் வடக்குக் கடலின் அலை முழுவதும் படகின் விலாவில் விழும். பாறைத் தீவுகளுக்குத் தெற்கே இறங்கி, அவற்றின் மறைவிலேயே சுற்றிப் போனார்கள். தூரம் கூடியது, ஆனால் படகு மிஞ்சியது. வழியைத் தீர்மானித்தது வில்லியம். அந்தப் பாறைகளுக்கு நடுவே காலம் கழித்தவருக்கு எது எங்கே முளைத்திருக்கிறது என்று கண்ணை மூடினாலும் தெரியும்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். கரையில் இருந்து சீஹவுசஸ் மீனவர்களும் படகெடுத்து அதே கடலில் கிளம்பினார்கள். கிரேஸின் தம்பி வில்லியம் புரூக்ஸ் டார்லிங்கும் அதில் ஒருவர். வந்து சேர்ந்தபோது பாறையில் பிணங்கள்தான் மிச்சம். திரும்பிப் போக முடியாமல் அவர்களும் லாங்ஸ்டோனிலேயே ஒதுங்க வேண்டியதாயிற்று. அவர்கள் வலித்த தூரம் பல மடங்கு அதிகம், ஆனால் அவர்கள் பெயர்களை யாரும் பாட்டாக எழுதவில்லை.

அருங்காட்சியகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? சின்ன இடம் என்கிறார்களே.

சின்னதுதான். ஒரு மணி நேரம் தாராளம். 1938ல், சம்பவத்தின் நூற்றாண்டில் திறந்தார்கள். 2007ல் புதுப்பித்தார்கள். பதக்கங்கள், கடிதங்கள், குடும்பப் பொருள்கள், ஓவியங்கள் எல்லாம் உண்டு. ஆனால் நீங்கள் போவது ஒன்றுக்காக. அந்தப் படகே அங்கே இருக்கிறது, மாதிரி இல்லை, அசல்.

கோபிள் என்பார்கள் அந்த வகைப் படகை. அந்தக் கரை மீனவர்களின் படகு. நீளம் 21 அடி. முன்பக்கம் உயர்ந்து அலையைக் கிழிக்கும்படி கூர்மையாக இருக்கும். பின்பக்கம் போகப் போக அடி தட்டையாகிவிடும், மணலில் இழுத்து ஏற்றுவதற்கு வசதியாக. பலகைகள் ஒன்றின் விளிம்பு மேல் ஒன்று ஏறி, ஓலை வேய்ந்தது போல அடுக்கடுக்காக இருக்கும். பக்கவாட்டில் நின்று பலகையின் கனத்தைப் பாருங்கள். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து, இரண்டு பேர் துடுப்போடு உட்கார்ந்து, அடிபட்ட ஓர் ஆள் உட்பட இன்னும் ஐந்து பேரை எங்கே உட்கார வைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் கூட்டிப்போகிறவர்களிடம் முதலில் சுவரில் இருக்கும் படங்களைப் பார்க்கச் சொல்லி, படகைக் கடைசிக்கு வைப்பேன். படத்தில் எல்லாம் அது மலையளவு அலை மேல் பெரிய படகாகத் தெரியும். நேரில் பார்த்தால் வாய் அடைத்துவிடும்.

கட்டணம் எவ்வளவு?

நுழைவு இலவசம். ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்பு அமைப்பு நடத்துகிறது. 1824ல் தொடங்கியது, இன்றும் மக்கள் தரும் நன்கொடையில்தான் ஓடுகிறது. மீட்புப் படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள். பனிக்காலத்தில் திறக்கும் நாளும் நேரமும் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சின்ன வயதில் எப்படி இறந்தார்? கடலில் மூழ்கியா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். காசநோய். 1842 அக்டோபர் 20, வயது 26.

நடுவில் அந்த நாலு வருடங்கள் இருக்கின்றனவே, அதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே வேதனையான பகுதி. விக்டோரியா மகாராணி 50 பவுண்டு அனுப்பினார். நாடெங்கும் வசூல் நடந்து 700 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. நார்தம்பர்லாந்து பிரபு அந்தப் பணத்துக்குக் காப்பாளரானார். வெள்ளிப் பதக்கம் தந்தது, பின்னாளில் ஆர்.என்.எல்.ஐ. ஆன அதே அமைப்பு. இதெல்லாம் சரி. ஆனால் ஓவியர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படகேறி லாங்ஸ்டோனுக்கு வந்து, வேலை செய்துகொண்டிருந்தவரை உட்கார வைத்து வரைந்தார்கள். முடியில் ஒரு கற்றை வேண்டும், உடுப்பில் ஒரு துண்டு வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். சர்க்கஸில் தோன்றச் சொல்லி அழைப்பு வந்தது, நாடக மேடையில் படகில் உட்கார்ந்து காட்டச் சொன்னார்கள். அவர் போகவில்லை. சுற்றுலாப் படகுகள் விளக்கத்தைச் சுற்றி வந்தன. வேர்ட்ஸ்வொர்த் கவிதையே எழுதினார், அது கிரேஸ் இறந்த பின். சோப்பு விளம்பரம், சாக்லேட் பெட்டி வரை படம் ஏறியது.

1838க்கு இது எல்லாம் புதுசு. பத்திரிகை ஊர் ஊராகப் பரவத் தொடங்கிய நேரம். மகாராணி பட்டத்துக்கு வந்தே ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, ஓர் இளம்பெண்ணைக் கொண்டாடும் மனநிலையில் நாடு இருந்தது. நம் காலத்தில் வைரல் ஆனவர்களை என்ன பாடு படுத்துகிறோமோ, அதேதான். அருங்காட்சியகத்தில் இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் வைத்திருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கும்.

கல்லறை எது? தேவாலயத்துக்குள் ஒரு சிலை, வெளியே ஒரு சிலை, வேறொரு கல்லும் இருக்கிறது. குழம்பிவிட்டேன்.

குழம்பாதவர் இல்லை. செயின்ட் எய்டன் தேவாலயத் தோட்டத்தில் கூரையோடு அலங்காரமாக நிற்பது நினைவுச்சின்னம், அதற்கடியில் அவர் இல்லை. 1844ல் எழுப்பியது. கடலில் போகும் கப்பல்களின் கண்ணில் பட வேண்டும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளே துடுப்போடு படுத்த நிலையில் கிரேஸின் சிலை. உப்புக் காற்றில் அசல் சிலை அரித்துப்போனதால் அதை தேவாலயத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெளியே நகலை வைத்தார்கள். அவரைப் புதைத்தது பக்கத்திலேயே, அப்பா அம்மாவோடு, குடும்பக் கல்லறையில். அலங்காரம் எதுவும் இல்லாத கல். அதையும் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரே ஒரு பெண்ணின் கதைக்காக அத்தனை தூரம் போக வேண்டுமா மேடம்? கோட்டையை மட்டும் பார்த்தால் போதாதா?

கோட்டைக்கும் இதில் பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஓர் அறக்கட்டளையின் கையில் இருந்தது. டாக்டர் ஜான் ஷார்ப் என்ற பாதிரியார் அங்கே கப்பல் உடைந்து வருகிறவர்களுக்குப் படுக்கை போட்டு வைத்தார். புயல் நாட்களில் கடற்கரையில் குதிரைக்காரர்களை ரோந்து அனுப்பினார். மூடுபனியில் பீரங்கி வெடித்து எச்சரித்தார். 1786 வாக்கில் லயனல் லூகின் என்பவரைக் கொண்டு ஒரு கோபிள் படகை எளிதில் மூழ்காதபடி மாற்றி அமைத்து வைத்தார். மீட்புப் படகுகளின் வரலாறே அங்கிருந்து தொடங்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஆக, கிரேஸ் பிறப்பதற்கு முன்பே அந்தக் கரைக்கு அந்தப் பழக்கம் இருந்தது. கோட்டையையும் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். கோட்டைக்குக் கட்டணம் உண்டு.

இப்படி வேறு பெண்கள் இருக்கிறார்களா?

அமெரிக்காவில் நியூபோர்ட் பக்கம் ஐடா லூயிஸ். அவர் தற்செயலாக ஒரு நாள் காப்பாற்றியவர் அல்ல, 1879ல் தன் பெயரிலேயே கலங்கரை விளக்கக் காவலர் வேலை பெற்றவர். மேற்கு ஆஸ்திரேலியாவில் கிரேஸ் பஸ்ஸல், 1876ல் ஜார்ஜெட் கப்பல் உடைந்தபோது அலைக்குள் குதிரையை இறக்கி ஆட்களைக் கரைசேர்த்தார். கூடவே குதிரையில் இறங்கியவர் சாம் ஐசக்ஸ் என்ற பழங்குடி ஆள், கப்பலை முதலில் கண்டவரும் அவர்தான். அந்தப் பெண்ணுக்கு வெள்ளிப் பதக்கம், அவருக்கு வெண்கலம். கூட இருந்தவரை ஓரம் தள்ளுவதில் பத்திரிகைகளுக்கு எல்லாக் கண்டத்திலும் ஒரே புத்தி.

காரில்லாமல் போக முடியுமா? லாங்ஸ்டோன் விளக்கத்தையும் பார்க்கலாமா?

முடியும், பொறுமை வேண்டும். லண்டன்–எடின்பரோ ரயில் பாதையில் ஆல்ன்மவுத் அல்லது பெர்விக்கில் இறங்கி அங்கிருந்து பஸ். பஸ் அடிக்கடி இல்லை, திரும்பும் கடைசி பஸ்ஸை முதலில் குறித்துக்கொண்டு அப்புறம் மற்றதைத் திட்டமிடுங்கள்.

விளக்கத்துக்குப் படகு சீஹவுசஸ் துறைமுகத்தில் இருந்து. சிவப்பும் வெள்ளையுமாகத் தூரத்திலேயே தெரியும். 1990ல் தானியங்கி ஆகிவிட்டது, காவலர் யாரும் இப்போது இல்லை. எல்லாப் படகும் லாங்ஸ்டோனில் இறக்காது, சில சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். காற்று அடித்தால் படகே கிடையாது, அதனால் விளக்கத்தை முதல் நாளுக்குப் போட்டுவிட்டு அருங்காட்சியகத்தை மறுநாளுக்கு வையுங்கள், ரத்தானால் மாற்றிக்கொள்ளலாம். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், நடுக்கடலில் போட்டுப் பயனில்லை.

எந்த மாதம் நல்லது? கூட ஐந்து வயதுப் பெண் வருகிறாள்.

பஃபின் பறவை பார்க்க வேண்டுமென்றால் மே, ஜூன். ஜூலை கடைசிக்குள் கிளம்பிவிடும். சாம்பல் நிறக் கடல்நாய்கள் எப்போதும் இருக்கும், குட்டி போடுவது இலையுதிர்காலத்தில், ஆனால் அப்போது கடல் முரடாக இருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஜூன்தான் சரி. காலையில் படகு, மத்தியானம் சீஹவுசஸில் மீனும் சிப்ஸும், அப்புறம் பாம்பரோ. கடற்கரை மணலைக் கடைசியில் காட்டுங்கள். முதலில் காட்டினால் அவள் வேறு எங்கும் வர மாட்டாள்.