ஒரு ரபீயின் வாரம் எப்படிக் கழிகிறது?

கேள்வி: யூதர்களின் தொழுகைக்கூடத்தில் பணியாற்றும் ரபீக்குச் சனிக்கிழமை தவிர மற்ற நாள்களில் என்ன வேலை இருக்கும்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைப்பார்?

நான் யூதன் அல்லன். நியூ ஜெர்சியில், ஏறத்தாழ இருநூறு குடும்பங்கள் உறுப்பினராக இருந்த ஒரு தொழுகைக்கூடத்தின் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் பகுதிநேரக் கணக்கராக இருந்தேன். என் மேசைக்கும் ரபீயின் அறைக்கும் இடையே ஒரு மெல்லிய சுவர்தான் என்பதால், அவருடைய நாள்கள் கழிந்த விதத்தை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. அது மரபுக்கும் மாற்றத்துக்கும் நடுவே நிற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவைச் சேர்ந்த கூடம். மரபை இறுகப் பற்றும் ஆர்த்தடாக்ஸ், மாற்றங்களை எளிதில் ஏற்கும் ரிஃபார்ம் ஆகிய பிரிவுகளின் கூடங்களில் சில வழக்கங்கள் வேறுபடும்.

ரபீ என்பவர் நம் ஊர்ப் பூசாரியைப் போன்றவர் என்றுதான் நானும் முதலில் எண்ணியிருந்தேன். அது சரியன்று. தமிழ் விவிலியமே 'ரபீ' என்ற சொல்லுக்குப் போதகர் என்று பொருள் சொல்கிறது. எருசலேம் ஆலயத்தில் பலி செலுத்திய ஆசாரியர்கள் பரம்பரையால் அந்தப் பதவிக்கு வந்தவர்கள், கி.பி. 70இல் உரோமர்கள் ஆலயத்தை அழித்தபோது அந்தப் பணியும் முடிவுக்கு வந்தது. ரபீயோ சமயச் சட்டத்தைப் பல ஆண்டுகள் படித்துத் தகுதி பெறுபவர். எங்கள் ரபீ ஒரு பெண்மணி. ரிஃபார்ம் பிரிவில் 1972இலும் கன்சர்வேட்டிவ் பிரிவில் 1985இலும் அமெரிக்காவில் பெண்கள் ரபீயாகத் தொடங்கினார்கள். ஆர்த்தடாக்ஸ் பிரிவின் பெரும்பகுதி இன்றும் இதை ஏற்பதில்லை.

தொழுகையை நடத்த ரபீ கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில்லை. எபிரேயம் படிக்கத் தெரிந்த எந்த உறுப்பினரும் முன்னின்று நடத்தலாம். ஆனால் வயது வந்த யூதர்கள் பத்துப் பேர் கூடியாக வேண்டும். இந்தக் குழுவுக்கு 'மின்யன்' என்று பெயர். பெற்றோரை இழந்தவர்கள் பதினொரு மாதங்கள் சொல்லும் 'கதீஷ்' என்னும் வேண்டுதலைப் பத்துப் பேர் இல்லாமல் சொல்ல இயலாது. ஆகவே காலை ஏழு மணித் தொழுகைக்கு ரபீ செய்த முதல் வேலை தலைகளை எண்ணுவது. குளிர்காலத்தில் ஒன்பது பேரோடு நின்றுவிட்ட நாள்கள் பல. கட்டடத்துக்குள் பத்தாவது ஆளாக நான் இருந்தும் கணக்கில் சேரமாட்டேன். கணக்கர் ஒருவர் கணக்கில் சேராமல் போவதைச் சொல்லி அவர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. அந்த நேரத்தில் ரபீ கைப்பேசியை எடுத்து, இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருந்தவரை அழைப்பார். அவர் வெள்ளை அங்கியோடு ஓடிவந்து, பத்தாவது ஆளாக நின்றுவிட்டுப் போவார்.

வாரத்தின் மற்ற வேலைகளை எதிர்பார்க்க முடியும்: பதின்மூன்றாம் வயதில் சபையின் முன்னே தோரா என்னும் மறைநூலை வாசிக்கவிருக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி, மருத்துவமனையில் இருப்பவர்களைப் பார்ப்பது, யூத மதத்துக்கு மாற விரும்புவோருக்கான வகுப்பு, சனிக்கிழமை உரைக்கான படிப்பு, யூத உணவுச் சட்டப்படி சமையலறையில் இறைச்சிப் பாத்திரமும் பால் பாத்திரமும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. (வெளியுணவுக்கு அந்தச் சமையலறையில் இடமில்லை என்பதால் என் தயிர்சாதத்தை ஆறு ஆண்டுகளும் மேசையில் வைத்தே சாப்பிட்டேன்.)

இந்த அட்டவணையைக் கலைத்துப்போடுவது மரணம். யூத வழக்கப்படி உடலை இயன்றவரை விரைவாக அடக்கம் செய்ய வேண்டும். செவ்வாய் இரவு ஒருவர் இறந்தால் வியாழன் காலை அடக்கம் நடந்துவிடும். இடைப்பட்ட ஒரே மாலையில் ரபீ அந்த வீட்டுக்குச் சென்று, பிள்ளைகளுடன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். இரங்கலுரையில் இறந்தவரின் நற்குணங்களைச் சற்றே கூட்டிச் சொல்லலாம், அளவுமீறிப் புகழக் கூடாது என்பது சட்டநூல் விதி. பிள்ளைகளுடன் பல ஆண்டுகள் பேசாதிருந்த ஒரு தந்தைக்கு உரை எழுதிய இரவில், அந்த 'சற்றே' எவ்வளவு என்று தெரியாமல் நான்கு முறை கிழித்து எழுதியதாக அவர் என்னிடம் சொன்னார். அடக்கத்துக்குப் பின் குடும்பத்தினர் ஏழு நாள்கள் வீட்டிலேயே துக்கம் காப்பார்கள். மாலைதோறும் அங்கே பத்துப் பேரைக் கூட்டுவதும் ரபீயின் பொறுப்பாகிவிடும்.

இறந்தோரின் ஆண்டு நினைவுநாள் பட்டியலைத் தயாரித்தது நான். நாம் திதி பார்ப்பதைப் போல அவர்களும் சந்திரனை ஒட்டிய தங்கள் நாள்காட்டியின்படியே அந்த நாளைக் கணக்கிடுவதால், ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். ஒருமுறை ஒரு பெயரை விட்டுவிட்டேன். அந்தப் பெயருக்குரியவரின் குடும்பத்து மூதாட்டியின் வீட்டுக்கு நேரில் சென்று மன்னிப்புக் கேட்டவர் ரபீ. என் பெயரை அவர் அங்கே சொல்லவில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

வெள்ளி மாலை, சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடங்களுக்கு முன் விளக்கேற்றுவதோடு சபாத் என்னும் வாராந்தர ஓய்வுநாள் தொடங்குகிறது. டிசம்பரில் அது நாலே கால் மணிக்கே வந்துவிடும். அதற்குப் பின் அவர் கைப்பேசியைத் தொடமாட்டார், காரும் ஓட்டமாட்டார். கூடத்திலிருந்து நடக்கும் தொலைவில் வீடு எடுத்திருந்ததற்கு அதுவே காரணம். ஊரார் ஓய்வுநாள் என்று சொல்லும் அந்த நாளில்தான் அவர் மிக நீண்ட நேரம் நின்றார், பேசினார். சனி இரவு மூன்று நட்சத்திரங்கள் தெரிந்தபின் கைப்பேசியை இயக்கினால், இருபத்தைந்து மணி நேரச் செய்திகள் ஒன்றாக வந்து விழும். அவற்றுள் பெரும்பாலும் ஒரு மரணச் செய்தி இருக்கும் என்றார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, அவர் சம்பளக்காரர் என்பது. அவருக்கு மேலே உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் அதுதான். சபாத்தில் தன் மகனின் தோரா வாசிப்பைப் படம்பிடிக்க ஒரு குழு உறுப்பினர் அனுமதி கேட்டபோது, அன்று அது கூடாது என்று இவர் மறுத்தார். அடுத்த வசந்தத்தில் ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அந்த உறுப்பினரும் வாக்களித்தார். இரண்டே வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. அதற்கடுத்த மாதம் அதே மனிதரின் தாய் இறந்தார், இரங்கலுரையை இவரே ஆற்றினார். யாருக்கு அறிவுரை சொல்ல வேண்டுமோ அவர்களிடமே ஊதியமும் வாங்க வேண்டியிருப்பதுதான் இந்தப் பணியின் மிகக் கடினமான பகுதி என்பது என் கருத்து.

2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் பதினொரு பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு எங்கள் கதவுக்குப் பூட்டும் கேமராவும் வந்தன, அந்தச் செலவுகளை நானே பதிவு செய்தேன். 2022 ஜனவரியில் டெக்ஸஸின் காலிவில் நகரில், கதவைத் தட்டிய அந்நியருக்குத் தேநீர் கொடுத்த ரபீயையே அந்த நபர் பிணைக்கைதியாக்கினார். இறுதியில் ரபீ நாற்காலியை எறிந்துவிட்டு மற்றவர்களுடன் தப்பினார். அதற்கடுத்த வாரம் எங்கள் கூடத்துக்குக் குளிருக்கு ஒதுங்க ஒருவர் வந்தார். ரபீ கேமராத் திரையைச் சில நொடிகள் பார்த்தார், பிறகு தாமே எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

மணிக்கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காப்பீட்டுப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருந்ததால் நானும் அவரிடம் கேட்டிருக்கிறேன். கடையில் தக்காளி பொறுக்கும்போது ஒருவர் நிறுத்தித் தன் மணமுறிவைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆண்டுதோறும் அந்தக் கட்டத்தில் 40 என்று எழுதி அனுப்பினேன்.